இரவு இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறவருக்கு

கேட்டவர் நீளமாக எழுதியிருந்ததை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 47, எடை 94 கிலோ, ஈரோட்டில் ஜவுளிக் கடை. பல வருடக் குறட்டை. "தூக்கத்துல மூச்சே நின்னுபோகுதுங்க" என்று மனைவி பயந்துபோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் ஏப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய், என்று தெரிந்தது; அதன் தீவிரத்தைக் காட்டும் ஏ.எச்.ஐ. என்ற எண் 38. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பி, அந்த அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ சிபாப் மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. தினமும் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார். இரண்டு மணி வாக்கில் விழித்துப் பார்த்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, கழற்றிய நினைவே இல்லை. ஆறு வயது மகள் மாஸ்க்கைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் வர மாட்டேன் என்கிறாள். அவருடைய அம்மா "கொரோனா வார்டு மாதிரி இருக்கே சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எடையைக் குறைத்து, பிராணாயாமம் செய்து இதிலிருந்து வெளியே வர முடியுமா, இல்லை ஆயுசு முழுக்க இந்த மெஷின்தானா என்பது கேள்வி.

நான் அதை இரண்டு முறை படித்தேன். மேலே தெரிவது 'எத்தனை நாளைக்கு' என்பது. உள்ளே இருப்பது வேறு என்று படுகிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவன் ஒரே வாரத்தில் ஐ.சி.யூ. நோயாளி மாதிரி ஆகிவிட்டேனே, அந்த மாஸ்க்கைக்கூட ஒழுங்காக மாட்டிக்கொண்டு தூங்கத் தெரியவில்லையே என்ற வேதனை அது. அதற்குப் பதில் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயன் இல்லை.

நான் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தூக்க ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக இரவுப் பணி பார்க்கும் டெக்னீஷியன். மருத்துவர் இல்லை. தலையில் பேஸ்ட் வைத்து ஒயர் ஒட்டுவது, மார்பிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டுவது, விடியும்வரை திரையில் ஒருவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பது, மாஸ்க் பொருத்துவது, அழுத்தத்தைச் சரிசெய்வது என் வேலை. நோயை முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. உங்கள் ரிப்போர்ட்டையும் நான் பார்க்கவில்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இது வென்டிலேட்டர் இல்லை. வென்டிலேட்டர், நோயாளிக்குப் பதிலாக மூச்சு விடும். சிபாப் உங்களுக்காக ஒரு மூச்சுகூட விடாது. இழுப்பதும் நீங்கள், விடுவதும் நீங்கள். உள்ளே ஆக்சிஜனும் கிடையாது. அறையில் இருக்கும் காற்றையே வடிகட்டி, லேசான அழுத்தத்தோடு மூக்குக்கு அனுப்புகிறது. உங்கள் கடையில் புதுக் கவரின் வாய் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊதிப் பிரிப்பீர்கள் இல்லையா, தொண்டைக்குள் அதுதான் நடக்கிறது. தூங்கும்போது நாக்கின் அடிப்பகுதியும் தொண்டைச் சுவரும் தளர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. காற்றின் அழுத்தம் அந்த வாயைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தமும் பெரிதில்லை. உயரமான டம்ளரில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஸ்ட்ராவை இறக்கி ஊதிக் குமிழி வரவைக்க எவ்வளவு ஊத வேண்டுமோ, அதுதான் மெஷினில் 10 என்று தெரியும் எண்.

இந்த மெஷின் வருவதற்கு முன்னால் தீவிர நிலையில் இருந்தவர்களுக்கு நிச்சயமான வைத்தியம் என்று இருந்தது, கழுத்தில் துளை போடும் டிரக்கியாஸ்டமி அறுவைச் சிகிச்சைதான். 1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், கழுத்தில் துளை போடுவதைத் தவிர்க்கப் பார்த்த ஒரு நோயாளிக்கு வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அந்த மாஸ்க்கை இரவு பசை போட்டு முகத்தில் ஒட்ட வேண்டும், காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். மறு வருடம், 1981-ல், ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. இன்று உங்கள் கட்டில் பக்கத்தில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. எங்கள் லேபில் முதல் தடவை மாஸ்க்கைக் கையில் வாங்கித் திகைத்து நிற்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

38 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பதை யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா தெரியவில்லை. மணிக்கு 38 தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்று பொருள். ஒவ்வொன்றும் குறைந்தது பத்து விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். ஏழு மணி நேரம் தூங்கினால் 266 தடவை. திரையில் அது எப்படி இருக்கும் என்றால், மூக்குக் காற்றைக் காட்டும் கோடு தட்டையாகப் படுத்துவிடும். மார்பும் வயிறும் மட்டும் எதிரெதிராக ஏறி இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பின்தங்கி ஆக்சிஜன் அளவு சரியும். பிறகு மூளை இரண்டு மூன்று விநாடி விழிக்கும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. "நல்லாத்தான் தூங்கினேன், ஆனா அசதி போகலை" என்பார். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்து, சர்க்கரையோ புராஸ்டேட்டோ என்று பரிசோதித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அடைபட்ட தொண்டைக்கு எதிராக இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயச் சுவர் விரிகிறது. ரத்தம் மிகுந்துவிட்டது என்று ஏமாந்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. மெஷின் சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் பலருக்கு முதலில் குறைவது இதுதான்.

இனி இரண்டு மணி விஷயம். மூன்று வாரம் தினமும் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்றால் மன உறுதியில் குறை ஒன்றும் இல்லை. தூக்கத்தில் கை தானாகக் கழற்றுவது மிகச் சாதாரணம், அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். கனவுத் தூக்கம் இரவின் பிற்பாதியில்தான் அதிகம். அப்போது உடம்பின் பெரும்பாலான தசைகள் தளரும், தொண்டை இன்னும் மோசமாக அடையும், ஆட்டோ மெஷின் அழுத்தத்தை ஏற்றும். ஏறிய அழுத்தத்தில் வாய் திறந்துகொள்ளும், மூக்கில் போன காற்று வாய் வழியாக வெளியேறும், தொண்டை வறளும், மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். கை எழும். இது என் ஊகம்தான். ஆனால் ஊகமாகவே விட்டுவைக்கத் தேவையில்லை. உங்கள் மெஷினின் கார்டில் அல்லது ஆப்பில் இரவு முழுவதற்கும் அழுத்தமும் கசிவும் கோடாகப் பதிவாகியிருக்கும். இரண்டு மணிக்குச் சற்று முன்னால் இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே, குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 20 என்று திறந்தே விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் உடம்புள்ள ஒருவருக்கு 4-ல் மூச்சு போதாமல் திணறுவது போல் இருக்கும். 20 வரை போக அனுமதித்தால் நடு இரவில் புயல் அடிக்கும். உங்களுக்கு வேண்டியது 8-க்கும் 13-க்கும் நடுவில் என்று பதிவில் தெரிந்தால், அந்த அளவுக்கு இரு பக்கமும் சுருக்கலாம். அதை மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்; யூடியூபைப் பார்த்து மெனுவுக்குள் போய் நீங்களே மாற்ற வேண்டாம். வாய் திறப்பது உறுதியானால் மூக்கு மாஸ்க்குக்குப் பதில் வாயும் மூக்கும் சேர்ந்து மூடுகிற வகையை முயலலாம். ஆனால் அதற்கு முன் மூக்கைப் பாருங்கள். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கத்தான் செய்யும். அடைப்புக்குச் சிகிச்சை எடுத்து, காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரை ஒரு படி ஏற்றியதுமே பாதிப் பேருக்கு வாய்ப் பிரச்சினை தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்க் இறுக்கத்தைப் பற்றி என்னுடைய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் காற்று கசியக் கசிய வாரை இறுக்கிக்கொண்டே போனேன். வீட்டிலும் அப்படியே இறுக்கச் சொல்லி அனுப்பினேன். பத்தாவது நாள் மூக்குத் தண்டில் தோல் பிய்ந்து புண். மெஷினை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். எட்டு மாதம் கழித்து, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று திரும்பி வந்தார். அன்றுதான் எங்கள் மூத்த டெக்னீஷியன் எனக்குக் காட்டினார்: சிலிகான் விளிம்புக்குள் காற்று புகுந்து அது உப்பினால்தான் முகத்தில் ஒட்டும், இறுக்கினால் அந்த விளிம்பு மடிந்து, கசிவு இன்னும் கூடும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் தூரம் இழுத்து, மெல்லத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். அந்த அம்மாவுக்கு வேறு அளவு மாஸ்க் கொடுத்து, வாரைத் தளர்த்தினேன். இப்போதும் பயன்படுத்துகிறார். அந்த எட்டு மாதத்துக்கு நான்தான் காரணம் என்பது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் "என்னால் முடியவில்லை" என்று யார் சொன்னாலும் நான் முதலில் மாஸ்க்கைத்தான் பார்ப்பேன்.

நம் ஊர்ப் பழக்கங்கள் சில இதற்கு இடைஞ்சல். படுக்கும் முன் முகத்தில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவினால் சிலிகான் வழுக்கும், சீக்கிரம் கெடும். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சளி பிடித்தால் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் விக்ஸோ யூகலிப்டஸ் தைலமோ கலக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் என்று பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வந்துவிடாதீர்கள்; அது மூச்சுக்கென்று தயாரித்தது இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத நாளில் கொதித்து ஆறிய நீர் போதும். காலையில் மிச்சத்தைக் கொட்டிக் காயவைக்க வேண்டும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால், குழாய்மேல் துணி உறை போடுங்கள், அல்லது ஈரப்பத அளவைக் குறையுங்கள்.

பழகுவதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது பகல் பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பின்னோ, சாயங்காலம் டி.வி. பார்க்கும்போதோ, தூங்கும் எண்ணமே இல்லாமல் இருபது நிமிடம் மெஷினை ஓடவிட்டு மாட்டிக்கொண்டு உட்காருங்கள். மாஸ்க் என்றாலே 'தூங்கியாக வேண்டும்' என்ற நெருக்கடி அப்போது இருக்காது. மகளை அந்த நேரத்தில் பக்கத்தில் கூப்பிடுங்கள். குழாயை அவள் கையில் கொடுத்து, உள்ளங்கையில் காற்று அடிப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு பெயரும் வைக்கச் சொல்லுங்கள். இருட்டில் திடீரென்று பார்த்தால்தான் குழந்தைக்குப் பயம். இரவில் விழித்து மாஸ்க் கழன்றிருப்பதைப் பார்த்தால் "போச்சு" என்று விட்டுவிடாமல், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். இரண்டு மணி வரை போட்டது வீணில்லை. ஆனால் விடியற்காலையின் கனவுத் தூக்கத்தில்தான் உங்களுக்கு அது அதிகம் தேவைப்படுகிறது.

கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். நிற்காது. மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்து மூச்சு விடலாம். வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றதும் தானே திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது. பெரும்பாலும் மூச்சுக் காற்று கனத்து நீங்களே விழித்துக்கொள்வீர்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே மெஷின் ஓடும். மின்சாரத்தை அதிகம் இழுப்பது ஹியூமிடிஃபையரின் சூடுதான். கரண்ட் அடிக்கடி போகும் நாட்களில் அதை அணைத்துவிடலாம்.

இதனால் என்ன பயன் என்பதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். போட்டிருக்கும் நேரத்தில் மூச்சு அடைப்பு நிற்கும், குறட்டை நிற்கும், பகல் தூக்கம் குறையும்: இவை உறுதி. ரத்த அழுத்தம் குறையும், ஆனால் சராசரியாக 2 அல்லது 3 புள்ளிதான். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு அதை நம்ப வேண்டாம். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,717 பேரை இந்தியா உள்பட ஏழு நாடுகளில் சராசரியாக 3.7 வருடம் பின்தொடர்ந்த 'சேவ்' ஆய்வு 2016-ல் வெளிவந்தது. சிபாப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இதயப் பாதிப்புகளில் வித்தியாசம் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன, வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. அதில் போட்டவர்களின் சராசரி பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரம்தான்; கடுமையான பகல் தூக்கம் உள்ளவர்களைச் சேர்க்கவும் இல்லை. நிறைய நேரம் போட்டால் இதயத்துக்கு நல்லது என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படி இருக்கலாம், நிரூபணமான விஷயமாக நான் சொல்ல மாட்டேன். நீங்கள் இதைப் போட வேண்டியது நாளைய பகலுக்காக. அதற்கே அது தகும்.

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு வேண்டிய அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் இரவில், மெஷினின் அழுத்தம் 9-க்கு வந்ததும் அவருடைய மூச்சுக் கோடு உருண்டு திரண்டு வந்தது, கொஞ்ச நேரத்தில் கனவுத் தூக்கத்துக்குள் போனவர் ஒன்றேகால் மணி நேரம் அசையவில்லை. காலையில் ஒயர்களைப் பிரிக்கும்போது, "நைட்டு ஊசி ஏதும் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். எல்லோருக்கும் அப்படி ஒரு காலை உடனே வாய்ப்பதில்லை. பலருக்கு இரண்டு மாதம்கூட ஆகிறது. சிலருக்கு அடைப்பு நின்ற பிறகும் அசதி போவதில்லை, அவர்களுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஆயுசு முழுக்கவா என்பதற்கு வருகிறேன். எடை குறைந்தால் இது குறையும், சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எடை பத்து சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைந்தது. அந்தக் கணக்கை உங்களுக்கு அப்படியே போட்டால், ஒன்பதரை கிலோ குறைத்த பிறகு 38 என்பது 28 ஆகும். நல்ல முன்னேற்றம், ஆனால் மெஷினை விடும் அளவு இல்லை. இது சராசரி; ஒருவருக்கு அதிகம் குறையும், இன்னொருவருக்குத் தாடை சிறியதாக இருந்தால் எடை இறங்கியும் அசையாது. நம் பக்கத்து மக்களில் பெரிய பருமன் இல்லாமலே இது வருவதற்குத் தாடையும் முக அமைப்பும் ஒரு காரணம். உடல்பருமனோடு நடுத்தர, தீவிர நிலையில் இருப்பவர்களுக்காக டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அது அனுமதித்த முதல் மருந்து. உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

பிராணாயாமத்தை விடச் சொல்ல மாட்டேன். மனதை அமைதிப்படுத்தும், மாஸ்க்குக்குள் நிதானமாக மூச்சு விடவும் உதவும். ஆனால் தூங்கியதும் தளர்ந்துபோகும் தொண்டையை அது இரவில் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. நாக்கு, தொண்டைத் தசைகளுக்கென்று தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் டிட்ஜெரிடூ என்ற குழலை நான்கு மாதம் பழகியவர்களுக்குக் கோளாறு குறைந்ததாக 2006-ல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. மொத்தம் 25 பேர்தான். இத்தகைய பயிற்சிகளால் பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொண்டாலும் 38-ல் பாதி 19, அதுவும் நடுத்தர நிலைதான். எனவே பயிற்சியைச் செய்யுங்கள், மெஷினோடு சேர்த்துச் செய்யுங்கள். மெஷினை முற்றிலும் தாங்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிவைக்கும் பல் கருவியும் அறுவைச் சிகிச்சைகளும் உண்டு. ஆனால் பொருத்தமும் அளவும் சரிசெய்யாத மூன்று வாரத்தை வைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது. நிறுத்திப் பார்க்க ஆசை வந்தால், எடை நன்றாக இறங்கிய பிறகு மறுபடி பரிசோதனை செய்துகொண்டு அதன்படி முடிவு செய்யுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்ற உணர்வை மட்டும் வைத்து நிறுத்தியவர்களுக்குச் சில நாட்களிலேயே பழைய நிலை திரும்புகிறது.

அவசரமாக ஒன்று. சரக்கு எடுக்கச் சூரத்துக்கு ரயிலில் போவீர்கள், ஆனால் திருப்பூருக்கும் கரூருக்கும் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை பெறாத இந்த நோயாளிகளுக்கு வாகன விபத்து வாய்ப்பு மற்றவர்களைப் போல இரு மடங்குக்கு மேல். இரவு முழுக்க மாஸ்க் நிற்கும்வரை, குறிப்பாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதிகாலையிலும், வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மதுவும் வேண்டாம், இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும். எப்போதாவது அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் இந்த நோயைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மெஷின் பதிவில் மிச்ச ஏ.எச்.ஐ., அதாவது மாஸ்க் போட்டிருக்கும்போதும் மிஞ்சுகிற எண், 5-க்குக் கீழே இருக்க வேண்டும். மாஸ்க் சரியாக நின்ற இரவுகளிலும் அது உயர்ந்தே இருந்தால், அல்லது அடைப்பில்லாமலே மூச்சு நிற்பதாக மெஷின் நிறையக் காட்டினால், அது மாஸ்க் பிரச்சினை இல்லை. அங்கே என் அனுபவம் முடிகிறது, உங்கள் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மெஷின், கார்டு, மாஸ்க், வழக்கமாக வைத்துக்கொள்ளும் தலையணை எல்லாவற்றையும் கொண்டு போங்கள். உட்கார்ந்தபடி மாட்டிக் காட்டினால் கசிவு தெரியாது, கன்னச் சதை விழும் விதமே வேறு. கட்டிலில் மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்து, மெஷினை 12-ல் ஓடவிட்டு, டெக்னீஷியனைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் "இன்னும் பத்து நிமிஷம் பாருங்க" என்று கேளுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர் அவர்தான்.